குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம்
வாசகர் கேள்வி – பதில்

விலை குறைந்த ரைஃபிள்களில் குறியும் பேரலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சிக்கல்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவை பேரலை மடித்து லோடு செய்யும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பற்றியவை, ஒன்று மட்டும் .22 தோட்டா ரைஃபிள். இதில் சொல்லப்படும் சோதனை எதைச் செய்தாலும் முதலில் பேரலைத் திறந்து, உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) இல்லை, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புதிய 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். திறந்த குறிதான், ஸ்கோப் இல்லை. 10 மீட்டரில் எல்லாக் குண்டும் இடப்பக்கம் 5 செ.மீ. தள்ளிப் போகிறது. பின்குறியை வலது கடைசி வரை திருகியும் தீரவில்லை. பேரல் வளைந்திருக்கிறதா?

பதில்: வளைந்திருக்கலாம். ஆனால் பேரலைச் சந்தேகிப்பது கடைசி வேலை. முதலில் மணல் மூட்டை அல்லது சுருட்டிய போர்வை மேல் முன்கையை வைத்து, கட்டையை (துப்பாக்கியின் பிடியை) இறுக்கிப் பிடிக்காமல், ஒரே புள்ளியைக் குறிவைத்து 10 குண்டு சுடுங்கள். அட்டையில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பாருங்கள்: குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன, அந்தக் கூட்டத்தின் நடு எங்கே இருக்கிறது. குறியோ பேரலோ கோணலாக இருந்தால் கூட்டம் இடம் மாறும், ஆனால் சிதறாது. சிதறினால் நோய் வேறு. அதைத் தீர்க்காமல் குறியைத் திருகினால் இன்று சரியாகி நாளை கெடும். திறந்த குறியோடு 10 மீட்டரில் 10 குண்டும் 20, 25 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் இந்த விலைத் துப்பாக்கிக்குப் போதும், மேலே படிக்கலாம். அடங்கவில்லை என்றால் நான்காவது கேள்விக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

இன்னொருவரையும் ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்கும் பழக்கம் 5 செ.மீ. வரை போகாது. ஆனால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டால் மற்றதை நிம்மதியாகத் தேடலாம்.

இப்போது கணக்கு. தவறிய தூரத்தை முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், குறி எவ்வளவு நகர வேண்டும் என்பது கிடைக்கும். உங்கள் இரு குறிகளுக்கும் இடையே 450 மி.மீ. இருப்பதாகக் கொண்டால், 50-ஐ 450-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 2.25 மி.மீ. பின்குறி இன்னும் 2.25 மி.மீ. வலப்பக்கம் போக வேண்டும், அல்லது முன்குறி அதே அளவு இடப்பக்கம் வர வேண்டும். 2.25 மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியும் அளவு. ஆகவே ஏதோ ஒன்று வெளிப்படையாகவே கோணலாக இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் பேரலின் கீலைக் கழற்றப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பின்குறி எதன் மேல் இருக்கிறது? மடியும் பேரல் உள்ள பெரும்பாலான துப்பாக்கிகளில் அது சிலிண்டர் (ஸ்பிரிங் இருக்கும் பெரிய குழாய்) மேல் இருக்காது. பேரலோடு சேர்ந்து மடியும் பிளாக்கின் மேல்தான் இருக்கும். அப்படியானால் முன்குறி, பின்குறி, பேரல் மூன்றும் ஒரே துண்டு. கீல் இடமாகச் சாய்ந்தாலும் வலமாகச் சாய்ந்தாலும் மூன்றும் சேர்ந்தே சாயும், குண்டு குறியை விட்டு விலகாது. கீலில் கோணல் இருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது சிலிண்டர் மேல் உட்காரும் ஸ்கோப்தான். திறந்த குறி தவறி ஸ்கோப் சரியாக இருந்தால் குற்றம் குறியில். ஸ்கோப் தவறித் திறந்த குறி சரியாக இருந்தால் குற்றம் கீலில் அல்லது சிலிண்டர் மேல் ஸ்கோப்பைப் பொருத்தும் தண்டவாளத்தில். இரண்டும் தவறினால் பேரலே வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

உங்களிடம் ஸ்கோப் இல்லை என்பதால் குறியிலிருந்து தொடங்குவோம். விலை குறைந்த துப்பாக்கியில் முன்குறி பெரும்பாலும் பேரல் வாயில் செருகிய பிளாஸ்டிக் உறை. அடியில் ஒரு சிறு ஸ்க்ரூ பிடித்திருக்கும். தொழிற்சாலையில் அவசரத்தில் இறுக்கும்போது உறை சற்றுத் திரும்பிவிடும். துப்பாக்கியை மேஜையில் அசையாமல் நிறுத்தி, சிலிண்டர் மேல் இருக்கும் தண்டவாளத்தில் குறுக்காக ஒரு சிறு ரசமட்டத்தை வைத்துச் சமப்படுத்துங்கள். சுவரில் தூக்குநூல் ஒன்று தொங்கவிட்டு, பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். முன்குறியின் கம்பம் நூலோடு ஒட்டி நிற்கிறதா, சாய்கிறதா? கம்பத்தின் நுனி பேரல் நடுவிலிருந்து 18 மி.மீ. உயரத்தில் இருந்தால், அதன் நுனி 2.25 மி.மீ. விலக உறை சுமார் 7 பாகை திரும்பியிருக்க வேண்டும். நூலோடு வைத்துப் பார்த்தால் 7 பாகை பளிச்சென்று தெரியும். குண்டு இடப்பக்கம் போவதால் கம்பம் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஸ்க்ரூவைத் தளர்த்தி உறையை நேராக்கி இறுக்குங்கள். பின்குறியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி 10 குண்டு. ஸ்க்ரூ பேரலில் பழைய பள்ளத்தையே தேடிப்போய் உட்காரும். அப்போது உறை தானாகத் திரும்பும். பள்ளத்தை மெல்லிய அரத்தால் ஒரு பக்கம் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

முன்குறி நேராக இருந்தால் பின்குறியின் தகட்டை விரல் நுனியால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தகடு தகரம்போல் மெல்லியதாக இருந்து அடியில் ஒரு ஸ்பிரிங் மட்டும் தாங்கினால் ஆடும். 0.1 மி.மீ. ஆட்டம் 10 மீட்டரில் 2.2 மி.மீ. விலகலாக வரும். 5 செ.மீ. தவறை ஆட்டம் விளக்காது. ஆனால் பின்குறியின் அடித்தட்டே பிளாக்கில் கோணலாக ஸ்க்ரூ செய்யப்பட்டிருந்தால் விளக்கும். பிளாக்கின் இரு ஓரத்திலிருந்தும் வெர்னியரால் தட்டின் முன்முனையையும் பின்முனையையும் அளந்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரி என்றால்தான் பேரல். அதற்கு ஆறாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: திறந்த குறியில் நன்றாகச் சுடும் துப்பாக்கியில் ஸ்கோப் பொருத்தினேன். 10 மீட்டரில் குண்டு 7 செ.மீ. கீழே விழுகிறது. ஸ்கோப்பின் மேல்–கீழ் குமிழ் கடைசிக்கு வந்துவிட்டது. ஸ்கோப் பழுதா?

பதில்: ஸ்கோப்பைத் திட்ட வேண்டாம். திறந்த குறி சரி, ஸ்கோப் தவறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: பேரல் சிலிண்டரோடு ஒப்பிட்டால் தலைகுனிந்து நிற்கிறது. மடியும் பேரலில் இது பொதுவான குறை. விலை கூடியவற்றிலும் உண்டு.

எவ்வளவு குனிந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். ஸ்கோப்பின் நடு பேரலின் நடுவிலிருந்து 40 மி.மீ. உயரம் என்று வையுங்கள். நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 10 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 16 மி.மீ. விழும். ஆகவே பேரலும் ஸ்கோப்பும் துல்லியமாக இணையாக இருந்தாலும் குண்டு குறிக்கு 56 மி.மீ. கீழேதான் விழும், ஸ்கோப் அதை ஈடுகட்டியாக வேண்டும். கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் 10 மீட்டரில் 0.73 மி.மீ. நகர்த்தும். அப்படியானால் குறை எதுவும் இல்லாத துப்பாக்கிக்கே நடுவிலிருந்து 77 கிளிக் வேண்டும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. நகரும் ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே இருப்பது 120 கிளிக், அதாவது 87 மி.மீ. நீங்கள் 87-ஐயும் செலவழித்து இன்னும் 70 மி.மீ. பாக்கி வைத்திருக்கிறீர்கள். மொத்தம் 157. அதில் இயல்பான 56 போக, 101 மி.மீ. பேரல் குனிந்ததால் வந்தது. மீட்டருக்கு 10 மி.மீ. சரிவு. அரை மீட்டர் நீளப் பேரலின் வாய் நேராக இருக்க வேண்டிய இடத்தைவிட 5 மி.மீ. கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு ஸ்கோப் உண்மையில் நடுவில் இருந்து தொடங்கியதாக நினைத்துப் போட்டது. அதைச் சரிபார்க்க ஒரு கண்ணாடி போதும். ஸ்கோப்பை அதைப் பிடித்திருக்கும் ரிங்கிலிருந்து கழற்றி, முன்பக்க லென்ஸ் வளையத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் தட்டையாக ஒட்டிவைத்துப் பின்னால் பாருங்கள். பெரிதாக்கும் அளவைக் குறைத்துவிட்டால் குறுக்குக்கோடு இரண்டாகத் தெரியும்: ஒன்று நிஜம், சற்று மங்கலாகத் தெரிவது பிம்பம். இரண்டு குமிழையும் திருகி இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி செய்தால் அதுதான் ஸ்கோப்பின் நடு.

பேரல் ஏன் குனிகிறது? பாதி நேரம் குற்றவாளி, பேரலின் பின்முனை சிலிண்டரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் சீல். அது தடிமனாக இருந்தால் பேரல் முழுதாக மூடாது. கீல் அடியில் இருப்பதால், முழுதாக மூடாத பேரலில் இடைவெளி மேல்பக்கம் தெரியும். சிகரெட் தாள்போல் மெல்லிய தாளைச் சிறு துண்டாக்கி, சீலின் மேல்புறம், கீழ்ப்புறம், இரு பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சீல் படும் இடத்திலெல்லாம் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மேலே மட்டும் தாள் தாராளமாக வந்தால் சீல் தடிமன். சரியான அளவில் புதிய சீல் போட்டாலே சரிவு பாதியாகக் குறைவது உண்டு. சீலை மணல்தாளில் தேய்ப்பவர்கள் உண்டு. அதிகம் தேய்த்துவிட்டால் காற்றுக் கசியும், வேகம் போகும், குண்டு இன்னும் கீழே விழும்.

மிச்சச் சரிவை மவுண்டில்தான் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் தாங்கி) ஈடுகட்ட வேண்டும். பின் ரிங்கை உயர்த்த வேண்டும். ரிங்குகளின் இடைவெளி 90 மி.மீ. என்றால் உங்களுக்கு 0.9 மி.மீ. தேவை. பின் ரிங்குக்குள் குளிர்பானக் கேன் தகட்டை வெட்டி வைக்கும் வழி பலருக்குத் தெரியும். ஒரு தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ.; இரண்டு வைக்கலாம். ஒன்பது வைத்தால் ஸ்கோப் குழாய் ரிங்கின் ஓரத்தில் நசுங்கி வளையும், உள்ளே இருக்கும் பாகம் சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் உயர்ந்த, சரிவை ஈடுகட்டும் மவுண்ட் என்றே தனியாகக் கிடைக்கிறது; திருகி உயர்த்தும் வகையும் உண்டு. அதையே வாங்குங்கள். தண்டவாளத்தின் அகலத்தையும் (பெரும்பாலும் 11 மி.மீ.) அளந்துகொண்டு போங்கள்.

குமிழைக் கடைசி வரை திருகியபடியே சுடுவதையும் நிறுத்துங்கள். கடைசியில் உள்ளே தாங்கும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்துவிடும். ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்–பின் உதைப்பில் குறுக்குக்கோடு ஒவ்வொரு குண்டுக்கும் இடம் மாறும். அப்போது நீங்கள் இன்னொரு புதிய நோயைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: ஸ்கோப்பை 10 மீட்டரில் துல்லியமாகப் பொருத்தினேன். 20 மீட்டரில் 5 மி.மீ. வலம், 30 மீட்டரில் 10 மி.மீ. வலம். காற்றா?

பதில்: காற்று இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. காற்றால் விலகும் அளவு தூரத்தோடு நேர்க்கோட்டில் கூடாது. அதைவிட வேகமாகக் கூடும். உங்களுடையது 10 மீட்டருக்கு 5 என்று ஏணிப்படிபோல் ஏறுகிறது. பார்வைக்கோடும் குண்டின் பாதையும் கத்தரிபோல் 10 மீட்டரில் குறுக்கே வெட்டுகின்றன. உறுதிப்படுத்த 5 மீட்டரில் ஐந்து குண்டு சுடுங்கள்: இடப்பக்கம் 2.5 மி.மீ. அளவு விலகினால் சந்தேகமே இல்லை. அவ்வளவு சிறிய விலகலைப் பார்க்கக் குண்டுகள் நெருக்கமாக விழ வேண்டும். சிதறல் பெரிதாக இருந்தால் இந்தச் சோதனையே செல்லாது.

அந்தக் கத்தரியைத் துப்பாக்கி வரை நீட்டினால், பேரல் ஸ்கோப்புக்கு 5 மி.மீ. இடப்பக்கம் இருக்கிறது. இரண்டு வழியில் இது நேரும். ஒன்று, தண்டவாளமோ மவுண்டோ நடுவை விட்டு விலகி இருப்பது. இரண்டு, அதிகம் காணப்படுவது: குறுக்குக்கோடு ரிங்கில் இடப்பக்கம் சற்றுச் சுழன்று உட்கார்ந்திருப்பது. அதை நிமிர்த்திப் பார்க்க, தெரியாமலே துப்பாக்கியை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கிறீர்கள்; அடியில் இருக்கும் பேரல் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. 40 மி.மீ. உயர ஸ்கோப்புக்கு 7 பாகைச் சாய்வு போதும், 5 மி.மீ. வந்துவிடும்.

தண்டவாளத்தில் ரசமட்டத்தை வைத்துத் துப்பாக்கியைச் சமமாகக் கட்டிவையுங்கள். 10 மீட்டரில் தூக்குநூல் தொங்கவிட்டு ஸ்கோப் வழியாகப் பாருங்கள். செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டவில்லை என்றால் ரிங் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி ஸ்கோப்பைச் சுழற்றி ஒட்டவையுங்கள். இறுக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் கூடவே சுழலும். எதிரெதிர் ஸ்க்ரூவாகக் கால் சுற்று, கால் சுற்று. கோடு ஏற்கெனவே நூலோடு ஒட்டித்தான் இருந்தது என்றால் மவுண்டைக் கழற்றி முன்–பின் திருப்பிப் போட்டுச் சுடுங்கள். விலகல் மறுபக்கம் மாறினால் மவுண்ட், மாறாவிட்டால் தண்டவாளம்.

கேள்வி: நேற்று இடம், இன்று வலம். 10 மீட்டரில் 6 செ.மீ. சிதறல். எந்தக் குறியை எந்தப் பக்கம் திருப்புவது?

பதில்: எதையும் திருப்பாதீர்கள். சிதறலுக்கு இந்த வரிசையில் தேடுங்கள்.

ஸ்க்ரூ: கட்டையின் முன்பக்கம் இருபுறமும் இருக்கும் இரண்டும், டிரிகர் காப்பின் அடியில் இருப்பதும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதைப்பதால் சில நூறு குண்டில் இவை தளர்ந்துவிடும். கழற்றி எண்ணெயைத் துடைத்து, கழற்றக்கூடிய வகை திரெட் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். மரக்கட்டையில் அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மரம் நசுங்கி, இரண்டே நாளில் மறுபடி தளரும்.

கீல்: பேரலை மூடி, கட்டையைத் தொடையில் இடுக்கி, பேரல் வாயைப் பிடித்து இடம் வலம் மெல்ல ஆட்டுங்கள். ‘டக்’ என்று விரலுக்குப் பட்டால் கீலில் ஆட்டம். கீல் போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் போதும்? ஸ்பிரிங்கை இழுத்தபின் பேரலைப் பாதியில் விட்டால், தன் எடையால் கீழே விழாமல் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இந்தச் சோதனையின்போது பேரலிலிருந்து கையை முழுதாக எடுக்காதீர்கள், டிரிகர் பக்கமே விரல் போகக் கூடாது. போல்ட்டுக்குப் பதில் வெறும் முளை அடித்திருந்தால் இறுக்க முடியாது. இருபக்க வாஷர்களை மாற்றித்தான் ஆட்டத்தை எடுக்க வேண்டும்.

பேரல் வாய்: நுனியில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தால் அதன் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். துளை விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈயம் தீற்றியிருந்தால் ஒவ்வொரு பெல்லட்டும் போகிற போக்கில் அதை உரசிவிட்டுப் போகிறது. உறையைக் கழற்றிவிட்டு 10 குண்டு சுடுங்கள். சிதறல் பாதியானால் விடை கிடைத்துவிட்டது. முன்குறியும் அதே உறையில் இருந்தால் குறியில்லாமல் போகும்; அப்போது துளையைச் சற்றுப் பெரிதாக்குவதே வழி. உறையே இல்லாத பேரல் என்றால், காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய்க்குள் விட்டு, வெளியே இழுக்கும்போது விளிம்போடு வட்டமாகத் தடவுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு. உட்பக்க விளிம்பில் பிசிறு இருந்தால் பெல்லட்டின் பாவாடைக்கு (பின்பக்கம் விரிந்த ஓரம்) பின்னால் காற்று ஒரு பக்கமாகச் சீறி அதைத் தட்டிவிடும்.

பெல்லட்டையும் மாற்றிப் பாருங்கள். மூன்று நான்கு வகை போதும். தொளதொளவென்று உள்ளே விழும் பெல்லட் வேண்டாம்.

கேள்வி: .22 ரைஃபிளில் முன்குறி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. 3 பாகைதான் இருக்கும். இதற்காக மெனக்கெட வேண்டுமா?

பதில்: வேண்டும். குறி 20 மி.மீ. உயரம் என்றால் 3 பாகையில் அதன் நுனி 1 மி.மீ. விலகும். இரு குறிகளின் இடைவெளி 500 மி.மீ. என்றால் 50 மீட்டரில் 10 செ.மீ. விலகல். குறி வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம். முன்குறி பேரலில் குறுக்குப் பள்ளத்தில் செருகியதாக இருந்தால், ரைஃபிளின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்) வெளியே எடுத்துவிட்டு, பித்தளைக் கோலை வைத்துச் சுத்தியால் தட்டி நகர்த்தலாம். நகர்த்தும் முன் குறிக்கும் பேரலுக்கும் சேர்த்துக் கூரிய ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அதுவே அளவுகோல். பள்ளமே சாய்ந்திருந்தால் பேரல் ரிசீவரில் (பேரல் பொருந்தும் உடற்பகுதி) சுழன்று பொருந்தியிருக்கிறது. தோட்டா சுடும் துப்பாக்கியில் பேரலைக் கழற்றிப் பொருத்துவது உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. தோட்டா உட்காரும் இடைவெளி மாறினால் குறி தவறுவது மட்டும் பிரச்சினையாக இராது.

கேள்வி: ஏர் ரைஃபிளின் பேரலை மடித்து வைத்திருந்தபோது தவறுதலாக டிரிகர் அழுந்திவிட்டது. பேரல் ‘பட்’டென்று மேலே அடித்து மூடிக்கொண்டது. அன்றிலிருந்து குண்டு மேலே போகிறது. நேராக்க முடியுமா?

பதில்: முதலில் உங்கள் விரல்கள் தப்பியதற்குச் சந்தோஷப்படுங்கள். பேரல் இப்படி அடிக்கும்போது பிளாக்கை ஒட்டிய இடத்தில் மேல்நோக்கி வளைந்துவிடும்.

பேரலைத் திறந்து, வெளிச்சமான வெள்ளைத் தாள் ஒன்றை எதிரே வைத்து, பிரீச் (பெல்லட் வைக்கும் பின்முனை) பக்கமிருந்து உள்ளே பாருங்கள். நேரான பேரலில் உட்சுவரின் பளபளப்பு ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே நடு. வளைந்த பேரலில் தூரத்து வளையங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும், நிழல் பிறைபோல் ஓர் ஓரத்தில் தடிக்கும். பேரலை மெல்ல உருட்டினால் பிறையும் கூடவே சுற்றும். உருட்டியும் பிறை அதே இடத்தில் நின்றால் அது உங்கள் கண் வைத்த கோணம், வளைவு அல்ல. பேரலின் வெளிப்பக்கத்தை டயல் கேஜில் உருட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். விலை குறைந்த பேரலில் துளை வெளிவட்டத்தின் நடுவில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. டயல் முள் ஆடும், துளை நேராகவே இருக்கும்.

திறந்த குறியில் தெரியும் தவறை நம்பி வளைவை அளக்கவும் கூடாது. வளைவு பின்குறிக்குப் பக்கத்திலேயே இருந்தால் முன்குறியும் பேரலோடு சேர்ந்து மேலே போயிருக்கும்; பார்வைக்கோடு ஏறக்குறைய அதே அளவு திரும்பிவிடும். உண்மையான வளைவில் ஒரு பங்குதான் அட்டையில் தெரியும். மீதியைக் காண, சிலிண்டர் தண்டவாளத்தின் நடுவில் ஒரு நூலை வைத்து இழுத்து, பேரல் வாயைத் தாண்டி நீட்டிக் கட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்து, நூலுக்கும் பேரலுக்கும் உள்ள உயரத்தைப் பிளாக்கின் முன்னால் ஒன்று, வாயில் ஒன்று என வெர்னியரால் அளங்கள். வாயில் உயரம் குறைந்தால் அந்த வித்தியாசம்தான் பேரல் மேலே திரும்பிய அளவு. பேரல் முன்பக்கம் குறுகிக்கொண்டே போகும் வகை என்றால் விட்டத்தின் பாதி வித்தியாசத்தையும் கணக்கில் சேருங்கள்.

நேராக்கலாம். ஏர் ரைஃபிளில் மட்டும். கட்டையிலிருந்து கழற்றி, கீல் போல்ட்டை எடுத்து, பேரலைத் தனியாகப் பிரியுங்கள். ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. குறிகளைக் கழற்றுங்கள். மேல்நோக்கிய வளைவு மேலேயே இருக்கும்படி, பள்ளம் வெட்டிய இரண்டு மரக்கட்டைகள் மேல் வளைவின் இருபுறமும் தாங்கவைக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அது தப்பு. மேலே திரும்பிய பேரலின் வயிறு கீழ்ப்பக்கம் இருக்கும். அந்த வயிற்றை மேலே திருப்பிவைத்துத்தான் அழுத்த வேண்டும். இரும்பு நேரடியாகப் படாமல் நடுவே தோல் துண்டு அல்லது ஈயத் தகடு. அழுத்தியதும் விடுங்கள், பேரல் திரும்பி வரும். அழுத்தும்போது எவ்வளவு இறங்கியது என்பது முக்கியமில்லை, விட்டபின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. முதல் இரண்டு மூன்று அழுத்தத்தில் எதுவும் மிச்சமிராது. அதைக் கண்டு பொறுமையிழந்து ஒரே மிதியாக மிதித்தால் மறுபக்கம் வளைந்துவிடும். ஒவ்வொரு முறையும் சற்றே கூட்டி, விட்டு, துளை வழியாக வளையங்களைப் பாருங்கள். சுத்தியால் அடிக்காதீர்கள், துளையில் பள்ளம் விழுந்தால் பெல்லட் அந்த இடத்தில் நசுங்கிப் போகும்.

முடிந்ததும் ஒரு பெல்லட்டைப் பிரீச் வழியாக விட்டு, நைலான் பூசிய கம்பியால் மெல்லத் தள்ளுங்கள். முழு நீளமும் ஒரே அழுத்தத்தில் போக வேண்டும். வாய் அருகே மட்டும் சற்று இறுகினால் அது பல பேரல்களில் வேண்டுமென்றே வைத்தது. நடுவில் திடீரென இறுகி, அடுத்து தளர்ந்தால் அந்த இடம் நசுங்கிவிட்டது. அந்தப் பேரலைக் காப்பாற்ற முடியாது, புதிதாக வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: பேரல் வாயில் செருகும் லேசர் வாங்கினால் இதெல்லாம் எளிதாகிவிடாதா?

பதில்: விலை குறைந்த லேசரின் கதிர் அதன் தண்டுக்கு நேராக வருவதே அபூர்வம். 10 மீட்டரில் ஓர் அட்டை வைத்து, லேசரைப் பேரலுக்குள் மெல்ல ஒரு முழுச் சுற்று சுழற்றுங்கள். கால் சுற்றுக்கு ஒரு புள்ளி வையுங்கள். நான்கு புள்ளியும் ஒரு வட்டத்தில் அமையும். பேரல் பார்ப்பது அந்த வட்டத்தின் நடுவை. லேசர் புள்ளியை அல்ல. செருகிய தண்டு வாயில் ஆடினால் வட்டம் கூடச் சரியாக வராது. ஒரு சுற்று செல்லோடேப் சுற்றி இறுக்குங்கள். அந்த நடுப்புள்ளி குறிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இட–வல விலகலைத் தோராயமாகச் சொல்லும். மேல்–கீழுக்கு அதை நம்ப வேண்டாம், பெல்லட் விழும் 16 மி.மீ. லேசருக்குத் தெரியாது. முடிந்ததும் லேசரை உருவி மேஜைமேல், கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் பெல்லட் டப்பாவைத் திறக்க வேண்டும்.